மந்திரிகள் வழக்குக்கு மக்கள் பணமா?

தென் ஆப்பிரிக்காவில் பிரிட்டோரியா நகரத்து ஐகோர்ட்டில் 2025ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஒரு தீர்ப்புச் சொல்லப்பட்டது. அந்நாட்டுக்கு 2009 முதல் 2018 வரை ஜனாதிபதியாயிருந்த தோழர் ஜேக்கப் ஜூமா என்பவர், தம்முடைய சொந்தக் கிரிமினல் வழக்கு சம்பந்தமாகச் சர்க்கார் பொக்கிஷத்திலிருந்து கொடுக்கப்பட்ட வக்கீல் பீசு 2 கோடியே 89 லட்சம் ராண்டுக்கு மேற்பட்ட தொகையை வட்டியுடன் 60 நாளைக்குள் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதும், கட்டத் தவறினால் அவருடைய சொத்துக்களையும் பென்ஷனையும் ஜப்தி செய்து வசூலிக்கலாம் என்பதுமே அத்தீர்ப்பின் சாரமாகும்.

கடலுக்கு அப்பால் யாரோ ஒருவர் யாருடைய பணத்தையோ திருப்பிக் கட்டுவதில் நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இவ்விஷயம் அந்த ஒரு தேசத்தோடு நின்றுபோகிற விஷயமல்ல. பதவிக்கு வருகிறவன் மேல் பிராது வந்தால் அதற்கு வக்கீல் வைக்கிற செலவு யாரைச் சேர்ந்தது என்கிற கேள்வி, ஓட்டுப் போட்டு ஆட்களைப் பதவிக்கு அனுப்புகிற ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு. ஆதலால் அந்தக் கதையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்லுகின்றோம்.

தென் ஆப்பிரிக்க சர்க்கார் 1999இல் அந்நிய நாட்டுக் கம்பெனிகளிடம் ஏராளமான விலைக்கு யுத்தத் தளவாடங்கள் வாங்க ஒப்பந்தம் செய்தது. அதில் லஞ்சம் விளையாடியது என்று புகார் கிளம்பிற்று. தோழர் ஜூமாவுக்குப் பணவிஷயத்தில் ஆலோசகராயிருந்த ஷபீர் ஷேக் என்பவர் 2005இல் குற்றவாளியென்று தீர்மானிக்கப்பட்டு 15 வருஷத் தண்டனை பெற்றார். அதே மாதத்தில் ஜூமா உப ஜனாதிபதிப் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். அவர் மீதும் வழக்குத் தொடரப்பட்டது. ஷேக்கிடமிருந்தும் அவரது கம்பெனிகளிடமிருந்தும் 783 தடவைகளில் சுமார் 40 லட்சத்து 70 ஆயிரம் ராண்டு இவருக்குச் சேர்ந்தது என்பதும், பிரெஞ்சு ஆயுதக் கம்பெனியை விசாரணையிலிருந்து காப்பாற்ற வருஷத்துக்கு 5 லட்சம் ராண்டு பேசப்பட்டது என்பதும் குற்றச்சாட்டு. அவர் இதை முழுதும் மறுத்தே வந்திருக்கிறார். குற்றவாளியா அல்லவா என்பது கோர்ட்டுக்காரர்கள் தீர்க்க வேண்டிய விஷயம். நாம் அதற்குள் போகவில்லை.

நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. உத்தியோகத்திலிருந்து நீக்கப்பட்ட அந்த மனிதரின் கிரிமினல் வழக்குக்கு, நீக்கின சர்க்காரே வக்கீல் பீசு கொடுக்க ஒப்புக்கொண்டது! 2006இல் ஜூமா ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். வழக்கில் தோற்றால் பணத்தைத் திருப்பித் தருவதாக அதில் உறுதி சொன்னார். அதற்கு ஜாமீன் கேட்டார்களா, உச்ச வரம்பு வைத்தார்களா என்றால், ஒரு சாதாரண பாங்கியில் பத்தாயிரம் ரூபாய்க் கடனுக்குக் கேட்கிற கேள்விகூட இங்கே கேட்கப்பட்டதாகக் காணோம். சர்க்கார் வக்கீலும் அல்ல. அவர் விரும்பிய தனி வக்கீல்கள். பில் வரவேண்டியது, சர்க்கார் கொடுக்க வேண்டியது. அவ்வளவுதான் ஏற்பாடு.

இப்படியிருந்தால் வழக்கு எப்படி நடக்கும் என்பதைத் தோழர்கள் ஊகித்துக்கொள்ளலாம். சொந்தப் பணத்தில் வழக்காடுகிற குடியானவன் ஒவ்வொரு வாய்தாவுக்கும் பயப்படுவான். இன்றைக்கு வாய்தா என்றால் பஸ் கூலி போயிற்று, ஒரு நாள் வேலை போயிற்று, குமாஸ்தாவுக்குக் கொடுத்தது போயிற்று என்று கணக்குப் பார்ப்பான். சீக்கிரம் முடிந்தால் போதும் என்பான். ஊரார் பணத்தில் வழக்காடுகிறவனுக்கோ வாய்தா ஒரு லாபம். ஜூமாவின் வக்கீல் 2007இல் கோர்ட்டிலேயே ஸ்டாலின்கிராடு யுத்தத்தை உவமானம் சொன்னார். வீட்டுக்கு வீடு நின்று சண்டை போடுவோம் என்பது அதன் கருத்து. அது முதல் அந்நாட்டில் இதற்கு ‘ஸ்டாலின்கிராடு தந்திரம்’ என்றே பெயர் வழங்கலாயிற்று. சோதனை போட்டது தப்பு, சம்மன் தப்பு, வழக்குத் தொடர்ந்தவர் தப்பு, வாபஸ் வாங்கினது சரி என்று ஒன்றன்பின் ஒன்றாக மனு, அப்பீல், அப்பீலுக்கு மேல் அப்பீல். 2009 ஏப்ரலில், தேர்தலுக்குச் சில நாள் இருக்கையில், வழக்கு வாபஸாயிற்று. மறுமாதமே அவர் ஜனாதிபதியானார். அந்த வாபஸ் செல்லாது என்று எதிர்க்கட்சியார் கோர்ட்டுக்குப் போய் ஜெயிப்பதற்கு 2017 ஆகிவிட்டது. 2018இல் அவர் பதவி விலகின பிறகு மறுபடியும் வழக்கு உயிர் பெற்றது. “நான் குற்றவாளியல்ல” என்று கோர்ட்டில் நின்று அவர் பதில் சொன்ன நாள் 2021 மே 26! 2005இல் எழுந்த குற்றச்சாட்டுக்கு முதல் பதில் சொல்ல 16 வருஷம்.

இதில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் வாங்கினார் என்று சொல்லப்படும் தொகை சுமார் 40 லட்சத்து 70 ஆயிரம் ராண்டு. அதை விசாரிக்கக் கூடாது என்று வாதாட அவருக்காக ஜனங்கள் கொடுத்த தொகை 2 கோடியே 89 லட்சம் ராண்டு. ஏறக்குறைய ஏழு மடங்கு! திருட்டு நடந்ததா இல்லையா என்பது தெரியுமுன்பே, பறிகொடுத்ததாகச் சொல்லப்படுகிறவன் பறித்ததாகச் சொல்லப்படுகிறவனுக்கு ஏழு மடங்கு செலவு செய்திருக்கிறான். அதுவுமல்லாமல், வழக்கை நடத்துகிற சர்க்கார் வக்கீலுக்கும் அதே பொக்கிஷம்தான் சம்பளம் கொடுத்தது. ஒரே ஆள் இரண்டு சேவலுக்கும் தீனி போட்டுச் சண்டைக்கு விட்ட மாதிரி ஆயிற்று.

எதிர்க்கட்சிகள் இரண்டு கோர்ட்டுக்குப் போயின. 2018 டிசம்பரில் ஐகோர்ட்டும், 2021 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச அப்பீல் கோர்ட்டும் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டன: இந்தப் பணம் கொடுத்தது சட்டவிரோதம், திருப்பி வாங்க வேண்டியது. காரணம் மிகவும் எளிது. சர்க்காருக்கு வக்கீல் அலுவலகம் ஒன்று இருக்கிறது. சர்க்காருக்கு அக்கறையுள்ள விஷயத்திலோ, பொது நன்மைக்கான விஷயத்திலோ அந்த அலுவலகம் ஆஜராகலாம் என்று சட்டம் சொல்லுகிறது. தனி ஆள் தனக்கு இஷ்டமான வக்கீலை வைத்துக்கொண்டு அதற்குச் சர்க்கார் பணம் கொடுக்கலாம் என்று அச்சட்டம் எங்கும் சொல்லவில்லை. லஞ்சம் வாங்கியதாகச் சொல்லப்படுவது உத்தியோகக் கடமையுமல்ல. சட்டப் பள்ளிக்கூடத்து வாசலை மிதியாத நமக்கே விளங்குகிற இந்த நியாயம் பெரிய பெரிய சட்ட ஆலோசகர்களுக்குப் பன்னிரண்டு வருஷம் விளங்காமல் போனது ஆச்சரியமே. பில் பாஸாகிற வரைக்கும் சிலருக்குச் சில நியாயங்கள் விளங்குவதில்லை.

நம் கிராமங்களில் ஊர்ப் பொதுப்பணம் என்று ஒன்று உண்டு. கண்மாய் மீன் குத்தகை, புளியமரக் குத்தகை, வீட்டு வரி என்று சேருகிற பணம். ஊர்ப் பெரியதனக்காரர் அதை வைத்திருப்பார். கண்மாய்த் தண்ணீர் விஷயத்தில் பக்கத்து ஊரோடு தகராறு வந்து வழக்கானால் அப்பணத்தில் வக்கீல் வைப்பதை ஒருவரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். ஆனால் பெரியதனக்காரர் மீன் குத்தகைப் பணத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார் என்று ஊரார் பிராது கொடுத்தால், அந்தப் பிராதுக்குப் பதில் சொல்ல மிச்சமிருக்கிற மீன் குத்தகைப் பணத்தையும் எடுத்து வக்கீலுக்குக் கொடுப்பேன் என்றால் ஊர் சும்மா இருக்குமா? மந்தையில் வைத்துக் கேட்காதா? கிராமத்தில் எழுத்து வாசனையில்லாத கிழவனுக்கும் தெரிகிற இந்த வித்தியாசம், ராஜ்யம் ஆளுகிற இடத்துக்குப் போனவுடன் மறந்துபோவானேன்?

நிற்க, நம் தேசத்துச் சங்கதிக்கு வருவோம்.

2015 டிசம்பரில், அப்போது மத்திய நிதி மந்திரியாயிருந்த காலஞ்சென்ற அருண் ஜெட்லி, டில்லி கிரிக்கெட் சங்கத்தில் தாம் தலைவராயிருந்த காலத்தைப் பற்றி அவதூறு சொன்னதாக அப்போதைய டில்லி முதல் மந்திரி தோழர் கெஜ்ரிவால் மீதும் அவர் கட்சியார் ஐவர் மீதும் 10 கோடி ரூபாய்க்கு மான நஷ்ட வழக்குத் தொடர்ந்தார். கெஜ்ரிவாலுக்காக ஆஜரானவர் பிரபல வக்கீல் ராம் ஜெத்மலானி. அவர் பில் முன்பணம் 1 கோடி, ஒரு தடவை ஆஜராக 22 லட்சம், ஆக 11 தடவைக்கும் சேர்த்து 3 கோடியே 42 லட்சம் ரூபாய். இப்பணத்தை டில்லி சர்க்கார் கொடுக்கலாம் என்று உப முதல் மந்திரி எழுதி, விஷயம் துணை நிலை கவர்னர் வரை போய், 2017 ஏப்ரலில் அம்பலத்துக்கு வந்தது. கூச்சல் கிளம்பியவுடன் ஜெத்மலானி, கெஜ்ரிவாலால் கொடுக்க முடியாவிட்டால் அவரையும் தம் ஏழைக் கட்சிக்காரர்களில் ஒருவராக வைத்துக்கொண்டு இனாமாகவே வாதாடுவதாகச் சொன்னார். ஒரு முதல் மந்திரி ஏழைக் கட்சிக்காரர் ஆன கதையை நாம் அன்றுதான் கேட்டோம். ஆனால் குறுக்கு விசாரணையில் ஜெட்லியை இழித்துச் சொன்ன ஒரு வார்த்தையால் இன்னொரு 10 கோடி வழக்கு வந்து, அவ்வார்த்தையைச் சொல்லச் சொன்னது யார் என்பதில் வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் தகராறாகி, 2017 ஜூலையில் ஜெத்மலானி விலகிக்கொண்டு பாக்கியைக் கேட்டார். கடைசியில் 2018 ஏப்ரலில் கெஜ்ரிவால் மன்னிப்புக் கேட்டு வழக்கு முடிந்தது.

டில்லி சர்க்கார் தரப்பில் சொல்லப்பட்ட சமாதானத்தையும் மறைக்காமல் சொல்லுகின்றோம். கிரிக்கெட் சங்கத்து ஊழலை விசாரிக்கச் சர்க்கார் ஒரு கமிஷன் போட்டது. அதன் காரணமாகத்தான் இவ்வழக்கே வந்தது. ஆகவே இது முதல் மந்திரியின் சொந்த வழக்கல்ல என்பது அந்தச் சமாதானம். கேட்பதற்கு நியாயம்போல்தான் இருக்கிறது. ஆனால் வழக்கு கமிஷன் போட்டதற்காக வந்ததா, பேசின பேச்சுக்காக வந்ததா? பேச்சுக்காகத்தான். கெஜ்ரிவாலோடு எதிரிகளாகச் சேர்க்கப்பட்ட மற்ற ஐவரும் மந்திரிகளே அல்ல, கட்சிக்காரர்கள். கட்சி மேடையில் நின்று எதிர்க்கட்சிக்காரரைத் தாக்குவது முதல் மந்திரி உத்தியோகத்தின் வேலையானால், நாளைக்கு எதிர்க்கட்சிக்காரர் பதவிக்கு வந்து இவரைத் திட்டுவதற்கும் அதே பொக்கிஷம்தானே பீசு கொடுக்க வேண்டும்? கட்டக் கடைசியில் மன்னிப்புக் கேட்கக்கூடிய ஒரு பேச்சுக்கு 3 கோடியே 42 லட்சம் யார் தலையில் விழுந்திருக்கும்?

இதில் இன்ன கட்சி யோக்கியம், இன்ன கட்சி அயோக்கியம் என்று பிரிப்பதற்கில்லை. தேசமும் ஜாதியும் நிறமும்கூட இதில் குறுக்கே நிற்பதில்லை. கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்து நிதி மந்திரியாயிருந்த ஸ்டாக்வெல் டே என்பவர், ஒரு வக்கீல் தம் கட்சிக்காரருக்காக வாதாடியதை இழித்து 1999இல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அவ்வக்கீல் மான நஷ்ட வழக்குப் போட்டார். 2000த்தில் 60,000 டாலருக்குச் சமாதானமாயிற்று. வக்கீல் செலவெல்லாம் சேர்த்து மாகாண ஜனங்கள் தலையில் விழுந்தது சுமார் 7 லட்சத்து 92 ஆயிரம் டாலர். பிறன் வக்கீல் வைத்ததைக் கண்டு கோபப்பட்டவர் தாம் வைத்த வக்கீலுக்கு ஊரார் பணம் என்றதும் கோபப்படவில்லை! இங்கிலாந்தில் போரிஸ் ஜான்சன், கொரோனா ஊரடங்கின்போது தம் அலுவலகத்தில் நடந்த விருந்துகளைப் பற்றிப் பார்லிமெண்டில் பொய் சொன்னாரா என்று பார்லிமெண்டுக் கமிட்டியே விசாரித்தது. அவர் 2022 செப்டம்பரில் பிரதமர் பதவியை விட்டு இறங்கின பிறகும் தனி வக்கீல் கம்பெனிக்கு இரண்டு லட்சம் பவுனுக்கு மேல் சர்க்கார் கொடுத்தது. 2023 ஜூனில் கமிட்டி, அவர் வேண்டுமென்றே சபையைத் தவறான வழியில் நடத்தினார் என்று முடிவு சொன்னது. சபையை ஏமாற்றியதாகச் சபை கேட்கிற கேள்விக்குச் சபைக்குப் பணம் கட்டுகிறவனே கூலி கொடுத்து மறுப்புச் சொல்லச் செய்தான் என்பதுதான் இதன் பொருள்.

இனி எதிர்ப்பக்கத்து வாதத்துக்கு வருவோம். “உண்மையாய் உழைக்கிற மந்திரியையும் அதிகாரியையும் பணக்கார முதலாளிகள் வழக்குப் போட்டே அழித்துவிடுவார்கள். நிலச்சீர்திருத்தம் செய்கிறவன் மேல் மிராசுதாரன் பத்து வழக்குப் போடுவான். அவனுக்குச் சர்க்கார் துணை வேண்டாமா?” என்கிறார்கள். வேண்டும், கட்டாயம் வேண்டும். கையெழுத்துப் போட்ட உத்தரவுக்காக ஒரு தாசில்தாரை இழுத்தால் சர்க்கார் வந்து நிற்க வேண்டியதுதான். இல்லாவிட்டால் சொத்துள்ளவன் மட்டும்தான் பதவிக்கு வர முடியும் என்று ஆகிவிடும். அது நமக்குச் சம்மதமில்லை. ஆனால் அதற்குத்தான் நம் அரசியல் சட்டத்தின் 165ஆவது பிரிவில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் அட்வகேட் ஜெனரல் என்று ஒருவரை வைத்திருக்கிறது. அவருக்குக் கீழே சர்க்கார் வக்கீல்கள் கூட்டம் கூட்டமாக இருக்கிறார்கள். உத்தியோகக் கடமைக்காக வந்த வழக்கென்றால் அவர்கள் ஆஜராகட்டும், சர்க்கார் விகிதப்படி பீசு வாங்கட்டும். தடவைக்கு 22 லட்சம் வாங்குகிறவரை டில்லியிலிருந்து விமானத்தில் கூட்டிக்கொண்டு வருகிற ஆசை உள்ளவர் தம் மடிச்சீலையை அவிழ்க்கட்டும்.

எது உத்தியோக வழக்கு, எது சொந்த வழக்கு என்று கண்டுபிடிப்பது கஷ்டம் என்பார்கள். அவ்வளவு கஷ்டமில்லை. வழக்குத் தோற்றால் என்ன ஆகும் என்று கேட்டுப் பார்த்தால் போதும். தோற்றால் சர்க்கார் உத்தரவு ரத்தாகும் என்றால் அது உத்தியோக வழக்கு. தோற்றால் அந்த ஆள் ஜெயிலுக்குப் போவார், அபராதம் கட்டுவார், பதவி போகும் என்றால் அது அவருடைய வழக்கு. ஜெயிலுக்குள் அவர் போகும்போது நம்மைக் கூட்டிக்கொண்டு போகப்போவதில்லையே!

“குற்றம் ருசுவாகும் வரை நிரபராதிதானே?” என்றும் கேட்பார்கள். ஆம், நிரபராதிதான். ஆனால் இந்த வேதாந்தம் மந்திரிக்கு மட்டுந்தானா என்று கேட்கின்றோம். 2022 டிசம்பர் 31ந் தேதி கணக்குப்படி இந்திய ஜெயில்களில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நாலில் மூன்று பேர் கோர்ட்டில் குற்றவாளியென்று தீர்க்கப்படாதவர்கள். இவர்களும் சட்டப்படி நிரபராதிகள்தான். பீகார் ஜெயில்களில் கிடந்த விசாரணைக் கைதிகளின் கதை 1979இல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தபோது, அவர்கள் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்துக்கு உள்ள முழுத் தண்டனைக் காலத்தையும் தாண்டிச் சிலர் விசாரணையில்லாமலே ஜெயிலில் கிடந்தது தெரியவந்தது. காரணம் பெரும்பாலும் ஜாமீன் கட்டப் பணமில்லை, பேச வக்கீலில்லை. ஏழைக்கு இனாம் வக்கீல் கிடைக்கச் செய்ய 39ஏ பிரிவு 1976இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்து, அதற்குச் சட்டம் 1987இல் பிறந்து, அது அமுலுக்கு வர 1995 நவம்பர் ஆயிற்று. அந்த இனாம் வக்கீலுக்குக் கொடுக்கிற பீசைப் பார்த்தால் கோர்ட்டு வாசல் டீக்கடைக்காரனுக்கே பரிதாபம் வரும். இப்படி ஒரு பக்கம் சோப்பு வாங்கினாலும் தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிறவனுக்கு வக்கீலில்லை. அவன் கட்டின வரியில் மற்றொரு பக்கம் மந்திரிக்கு மணிக்கணக்கில் வக்கீல்!

(சமயத்தில் தோழர்களுக்கு ஒரு விஷயம்: பெண்கள், தாழ்த்தப்பட்ட வகுப்பார், மலைஜாதியார், தொழிலாளர், காவலில் இருப்பவர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமலே இனாம் வக்கீல் கொடுக்க வேண்டுமென்று மேற்படி 1987ஆம் வருஷத்துச் சட்டத்தின் 12ஆவது பிரிவு சொல்லுகிறது. ஒவ்வொரு தாலுகாக் கோர்ட்டிலும் அதற்கு ஒரு கமிட்டி உண்டு. தெரியாமல் வீட்டை அடகு வைக்காதீர்கள்.)

ஆகவே நாம் கேட்பது மிகச் சாதாரணமானது. மந்திரி மீது வருகிற கிரிமினல் வழக்குக்கும், மேடைப் பேச்சுக்காக வருகிற மான நஷ்ட வழக்குக்கும் பொக்கிஷத்திலிருந்து ஒரு காசு போகக்கூடாது. உத்தியோகத்தைச் சேர்ந்த வழக்கா என்று தீர்மானிப்பவர் அவர் தயவில் வேலை பார்க்கிற காரியதரிசியாக இருக்கக்கூடாது. கணக்குத் தணிக்கை செய்கிறவர் முன்பாக அது போக வேண்டும். சந்தேகமானால் முதலில் அவரே கொடுத்து வழக்காடட்டும். விடுதலையாகி, அது கடமைக்காகவே வந்த பொய் வழக்கென்று கோர்ட்டே சொல்லிவிட்டால், சர்க்கார் விகிதப்படி பின்னால் வாங்கிக்கொள்ளட்டும். முன்னால் கொடுத்துவிட்டுப் பின்னால் வசூலிக்கப் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டோரியாக் கதையே போதும். பணம் போனது 2006 முதல். திருப்பிக் கட்டு என்று தொகை குறித்துத் தீர்ப்பானது 2025இல்.

சட்டசபையில் இதைக் கேட்பார்கள் என்று நாம் காத்திருக்கத் தேவையில்லை. 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி எந்தக் குடியும் கேட்கலாம். வெள்ளைக் காகிதத்தில், “இன்ன வருஷம் முதல் இன்ன வருஷம் வரை, மந்திரிகள் பேரில் வந்த வழக்குகளுக்காகச் சர்க்கார் வக்கீல்கள் அல்லாத தனி வக்கீல்களுக்குக் கொடுத்த பீசு எவ்வளவு, எந்த வழக்குக்கு, யார் உத்தரவில்” என்று எழுதி, பத்து ரூபாய்க் கோர்ட்டு வில்லை ஒட்டிச் சட்ட இலாகாவின் தகவல் அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டியது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல் அதிகாரிக்கு அப்பீல் உண்டு. வரும் பதிலை, அது “இல்லை” என்ற ஒரு வார்த்தையாக இருந்தாலும் சரி, நகல் எடுத்து நமக்கு அனுப்பினால் எந்தக் கட்சி, எந்த மந்திரி என்று பாராமல் அப்படியே பிரசுரிப்போம்.